வளர்ப்புப் பாம்புகளும் அவற்றின் ஒட்டுண்ணிகளும்

விழா மலருக்கு விஞ்ஞானத் தொடர்பான கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, பொருளைத் தேடி நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் எம்மைக் காணும் நண்பர்கள், மனைவி மக்களின் சுகத்தை வினவுமுன், "பாம்புகள் எப்படி?" என்று நகைப்புடன் கேட்பது வழக்கம். இங்கிலாந்திற் குடியேறிய பின்னர் நாம் பாம்பு வளர்ப்பில் ஈடுபட்டமை அவர்கள் அறிந்ததே. அக்கேள்விக்கு எந்நாளும் "நலமே" என விடையிறுத்து வந்த நாம், 2013 ஆம் ஆண்டில் மட்டும் வாய் திறக்கவில்லை. அவ்வாண்டில் எம்மிடமிருந்த பதினொரு பாம்புகளுள் நான்கினை இழந்தோம். அவற்றைக் கொன்றது கடுகினும் சிறிய ஓர் உயிர். அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர் நாமே.

மேலே செல்லுமுன் ஒன்று கூறிவிடுதல் வேண்டும். பிரித்தானியாவில் நஞ்சற்ற பாம்புகளை வீட்டில் வளர்ப்பதற்குச் சட்டம் இடந்தருகின்றது. நஞ்சுடையனவற்றை வளர்ப்போர் 1976 ஆம் ஆண்டின் ஆபத்தான வனவிலங்குகள் சட்டத்தின்படி உரிமம் பெறல் வேண்டும். இலங்கையில் நிலைமை வேறு. இங்கே 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வெங்கிணாந்தி உட்பட எமது பாம்பினங்கள் மிகப் பலவற்றைப் பாதுகாக்கின்றன. ஆதலின் இதனைப் படிக்கும் இளைய மாணவர் எவரும் வேலியோரத்துச் சாரையைப் பிடித்துப் பெட்டியிலடைக்க முற்படலாகாது. விலங்கியல், மிருக வைத்தியம், மிருகக்காட்சிச்சாலைப் பணி ஆகியவற்றை நாடிச் செல்வோர் சிலரேனும் இம்மாணவருள் இருப்பர் என்னும் நம்பிக்கையாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

காட்டில் வாழும் பாம்பின் உடலில் ஒட்டுண்ணி ஏதும் இல்லாதிருத்தல் அரிது. தோலில் உண்ணி, குடலிற் புழு, நுரையீரலில் வேறொரு புழு எனச் சுமந்துகொண்டே அது திரியும். பெரும்பாலும் நெடுநாள் வாழவும் செய்யும். காரணம் யாதெனின், பாம்பு ஓரிடத்தில் மலங்கழித்துவிட்டு அப்பாற் செல்கின்றது. மலத்தோடு வெளிவந்த புழுமுட்டைகளுட் பல வெயிலிற் காய்ந்தும் மழையில் அடிபட்டும் அழிகின்றன. ஒரு சிலவே மற்றொரு பாம்பைச் சென்றடைகின்றன. அதே பாம்பை நான்கடி நீளமுள்ள பெட்டியில் வைத்து, 30 பாகை செல்சியசு வெப்பமும் போதிய ஈரமும் கொடுத்துப் பேணும்பொழுது, நாம் பாம்புக்குச் செய்யும் உபசாரம் அனைத்தும் அதன் ஒட்டுண்ணிக்கும் கிடைக்கின்றது. முட்டை விழுந்த இடத்திலேயே பாம்பு நாள்முழுதும் கிடக்கின்றது. தன் உடலிலுள்ள ஒட்டுண்ணியின் மக்களையும் பேரரையும் தானே மீண்டும் மீண்டும் ஏற்கின்றது. பிரயாணத்தாலும் புதிய இடத்தின் அச்சத்தாலும் அதன் எதிர்ப்புச் சத்தி குன்றியிருப்பின் கேட்கவே வேண்டியதில்லை. எனவே, நோயிற் பாதி ஒட்டுண்ணியினது, மறுபாதி பெட்டியினது. மருந்தினால் முதற்பாதியை மட்டுமே தீர்க்கலாம்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் நன்று. சில ஒட்டுண்ணிகள் தம் வாழ்க்கை வட்டத்தை முடிப்பதற்கு இடையிலே வேறொரு விருந்து வழங்கியை வேண்டி நிற்பன. நாடாப்புழுக்கள் சிலவற்றின் இளம்பருவம் தவளையில் வளரும். நாக்குப்புழு எனப்படும் ஒருவகை நுரையீரல் ஒட்டுண்ணிகளுட் சிலவற்றின் இளம்பருவம் எலியில் வளரும். அத்தவளையையோ எலியையோ விழுங்கும்போதே பாம்பு அதனைப் பெறும். சுத்தமான கூட்டில் வளர்த்துக் கொன்று, சில கிழமைகள் உறையவைத்துப் பின் இளக்கிய எலியை மட்டுமே உணவாகக் கொடுக்கும் இல்லத்தில் இவ்வட்டம் தானாகவே அறுந்துபோகும். கொக்கிப்புழு, அமீபா, சிற்றுண்ணி போன்றவையோ இடையில் எவரையும் வேண்டா. பாம்பிலிருந்து நேரே பாம்புக்குச் செல்வன அவை. பெட்டியிற் பெருகுவனவும் அவையே.

இனி எம் கதைக்கு வருவோம். மேற்கு ஆபிரிக்காவின் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளில் வாழும் அரச மலைப்பாம்பு என்பது சாதுவான ஒரு பிராணி. அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும். 2013 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவ்வினத்தைச் சேர்ந்த இளம்பாம்பொன்றை வாங்கினோம். புதிதாக வரும் பாம்பினைத் தொண்ணூறு நாள் வேறோர் அறையிற் புறம்பாக வைத்தல் வேண்டும் என்னும் விதியை நாம் நன்கறிவோம், பிறருக்கும் உபதேசித்திருக்கின்றோம். அப்பொழுது அவ்வறையிற் கூரை திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாம்பும் பார்வைக்குப் பழுதற்றிருந்தது. பன்னிரண்டாம் நாள் அதனை மற்றைப் பாம்புகளின் அறைக்குக் கொண்டு சென்றோம்.

மூன்று கிழமை கழித்து, சோளப்பாம்பு எனப்படும் வட அமெரிக்கப் பாம்பொன்று காலை முதல் மாலை வரை நீர்க் கிண்ணத்துள்ளேயே கிடந்தது. தோலுரிக்கும் காலத்திலும் பாம்பு அவ்வாறு கிடப்பதுண்டு. ஆதலின் அவ்வாறே கருதி நாம் வாளாவிருந்தோம். ஐந்தாம் நாள் கிண்ணத்து நீரைக் கொட்டும்போது அடியிலே மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளைக் கண்டோம். அவற்றுட் சில கால்களை அசைத்தன. கண்ணைச் சுற்றியுள்ள பிளவிலும், தாடையின் கீழுள்ள பள்ளத்திலும், வயிற்றுச் செதில்களின் ஓரத்திலும் அவை செறிந்திருந்தன. செதில்களின் மேல் வெண்டூள் தூவினாற்போல் அவற்றின் எச்சம் படிந்திருந்தது. உலகின் பல பாகங்களிலும் வளர்ப்புப் பாம்புகளை வருத்தும் பாம்புச் சிற்றுண்ணி இதுவே. இதன் விஞ்ஞானப் பெயர் ஒபியோனிசசு நாட்ரிசிசு.

இதன் வாழ்க்கை வரலாற்றை யோசேப்பு கமின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்து 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டார். முட்டை, ஆறுகாற் குடம்பி, முதலணங்கு, இரண்டாமணங்கு, நிறைவுயிர் என ஐந்து பருவங்கள் இதற்குள. குடம்பியும் இரண்டாமணங்கும் ஒன்றும் உண்பதில்லை. முதலணங்கும் நிறைவுயிருமே குருதி குடிப்பன. பெண் சிற்றுண்ணி வயிறு நிறையக் குருதி குடித்ததும் பாம்பைவிட்டு இறங்கி, இருளும் ஈரமுமுள்ள பிளவொன்றைத் தேடி முட்டையிடும். பின் மீண்டும் பாம்பிலேறும். வாழ்நாளில் அறுபது முதல் எண்பது முட்டை வரை இடும். வெப்பமான பெட்டியில் முட்டை ஓரிரு நாளிற் பொரிக்கும்; முட்டையிலிருந்து நிறைவுயிராவதற்கு இரண்டு அல்லது மூன்று கிழமை போதும். ஆணோடு கூடாத பெண்ணும் முட்டையிடும் என்பதும், அம்முட்டைகளிலிருந்து ஆண்கள் பிறக்கும் என்பதும் இவ்வுயிரின் வல்லமைக்குச் சான்று. தப்பிய ஒரு பெண் போதும், மறுபடி தொடங்குவதற்கு.

எமது முதற்பிழை புறம்பாக வைக்கத் தவறியமை. இரண்டாம் பிழையை இவ்வரலாற்றோடு ஒப்புநோக்கின் விளங்கும். நாம் பாம்புகளை எடுத்து, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, துடைத்து, அதே பெட்டிகளுக்குள் மீள விட்டோம். நீரில் அமிழ்ந்த உண்ணிகள் இறந்தன. தலையில் இருந்தவை பிழைத்தன. முட்டைகளோ பாம்பின்மேல் இருக்கவேயில்லை. பெட்டியின் மூலைகளிலும், அலங்காரத்துக்கென நாம் வைத்திருந்த மரப்பட்டையின் அடியிலும் இருந்தன. பத்து நாளில் அறை முழுவதும் பரவிவிட்டது. இளஞ்சோளப்பாம்புகள் இரண்டு குருதி குன்றி இறந்தன. மலைப்பாம்புகள் இரண்டின் வயிற்றுச் செதில்கள் செந்நிறமாகி, வாயிற் குருதி கசிந்து, சில நாளில் உயிர் நீங்கின. சிற்றுண்ணி தன் கடியினால் ஏரோமோனாசு என்னும் பற்றீரியாவைப் பாம்பிலிருந்து பாம்புக்குக் கொண்டுசென்று குருதியை நஞ்சாக்கும் என்பதை அதே கமின் 1948 ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். நாம் அதனைப் படித்தும் இருந்தோம்.

பின்னர் மிருக வைத்தியரின் அறிவுரைப்படி யாவற்றையும் முறையாகச் செய்தோம். மரப்பட்டை, தூள், இலை முதலியன யாவும் எரிக்கப்பட்டன. பெட்டிகளைக் கொதிநீரினாற் கழுவினோம். 55 பாகையளவு வெப்பத்தில் இவ்வுண்ணி நொடிகளில் இறந்துவிடும். பெட்டியின் அடியில் வெள்ளைக் கடதாசி மட்டும் விரித்து, அதனை நாள்தோறும் மாற்றினோம். வைத்தியர் அளந்து கொடுத்த பிப்ரோனில் மருந்தைத் துணியில் நனைத்துப் பாம்பின் உடலில் மெல்லத் தடவினோம்; நேரே தெளிக்கவில்லை. இதனைக் குறித்த இடைவெளியில் ஆறு கிழமை திரும்பத் திரும்பச் செய்தோம். ஒருமுறை மருந்திட்டு ஓய்ந்தால், மருந்திட்ட அன்று முட்டையாக இருந்தவை அடுத்த மாதம் வந்து சேரும். டைகுளோர்வோசு தோய்ந்த பட்டைகளைப் பெட்டியருகே தொங்கவிடும் வழக்கம் முன்னர் பரவலாக இருந்தது. அது உண்ணியைக் கொன்றது போலவே சில வேளை பாம்பையும் கொன்றது. ஆகையால் அதனை நாம் கைக்கொள்ளவில்லை.

மருந்தைப் பற்றிப் பேசுகையில் இன்னுமொன்று. பாம்பின் புழுக்களுக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்ரின் என்னும் மருந்தினை வைத்தியர் கொடுப்பதுண்டு. அம்மருந்து ஆமைக்குக் கொடிய நஞ்சு. பாம்புக்கென வாங்கியதை அடுத்த பெட்டியிலுள்ள ஆமைக்கும் பயன்படுத்தி அதனை இழந்தோர் பலர்.

ஆமையையும் பாம்பையும் அருகருகே வைத்தலே தவறு என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எந்தமீபா இன்வாடென்சு என்னும் அமீபா ஆமையின் குடலில் யாதொரு கேடும் விளைக்காது வாழும். அதன் சிறைப்பைகள் கழுவிய நீராலோ, கையாலோ, ஒரே இடுக்கியாலோ பாம்பைச் சென்றடையின், பாம்பின் பெருங்குடலும் ஈரலும் அழுகிவிடும். 1930 களில் அமெரிக்க ஆய்வாளர்களான றற்கிளிவ், கெய்மன் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்தனர். காலத்தே கண்டால் மெற்றோனிடசோல் மருந்தினாற் காப்பாற்றலாம். ஆயினும், பெரும்பாலும் பாம்பு இறந்த பின்னரே நோய் தெரியவருகின்றது.

அதனினும் கொடியது கிரிப்ரோசுபோரிடியம். உண்ட எலியைப் பாம்பு சில நாளிற் கக்கும். உடலின் நடுப்பகுதி வீங்கித் தோன்றும். உள்ளே இரைப்பையின் சுவர் தடித்துப்போயிருக்கும். நம்பத்தக்க மருந்து இதற்கு இன்றுவரை இல்லை. நாம் வீட்டிற் பயன்படுத்தும் வெளிற்றும் குளோரின் நீருக்கும் இதன் கிருமி அஞ்சாது. அமோனியாவும் கடுவெப்பமுமே அதனை அழிப்பன. நோய் உறுதியான பாம்பினை வலியின்றி இறக்கச் செய்தலே பெரும்பாலும் வைத்தியர் கூறும் வழி. தொண்ணூறு நாள் விதியின் பெறுமதி இந்நோயினாலேயே நன்கு புலப்படும்.

அந்நாட்களில் செய்ய வேண்டியது எளிது. புதிய பாம்பின் மலத்தைக் காயுமுன் எடுத்து, மாதமொருமுறையாக மும்முறை சோதிப்பித்தல் வேண்டும். ஒரு சோதனையில் ஒன்றுமில்லை என வந்தால் அமைதியடையலாகாது; புழு நாள்தோறும் முட்டையிடுவதில்லை. செறிந்த உப்புக்கரைசலில் மலத்தைக் கரைத்தால் முட்டைகள் மேலே மிதக்கும். அதிலொரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வுகூடத்தில் குளத்துநீரைப் பார்த்துப் பழகியோருக்கு இது கடினமன்று. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பாம்பு விழுங்கிய எலியின் குடலிலிருந்த ஊசிப்புழு முட்டையும், எலிமயிரிலிருந்த உண்ணியின் முட்டையும் பாம்பின் மலத்தில் அப்படியே வெளிவரும். அவற்றைப் பாம்பின் நோயெனக் கொண்டு நாமும் ஒருமுறை வீணே பென்பென்டசோல் கொடுத்திருக்கின்றோம். பார்ப்பது எளிது, பார்த்ததை இன்னதெனத் துணிவதற்கு வைத்தியர் வேண்டும்.

இவை ஒருவரின் வீட்டோடு நின்றுவிடும் செய்திகள் என எண்ணுவோர்க்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைக் காட்டலாம். வளர்ப்புக்கென ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் அங்குள்ள சதுப்பு நிலங்களிற் பெருகின. அவற்றோடு வந்த நாக்குப்புழு ஒன்று அந்நாட்டுப் பாம்புகளிடத்தும் புகுந்துவிட்டதென 2018 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். அப்புழுவோடு பழகியிராத சிறு பாம்புகளின் நுரையீரலில் அது பெரிதாக வளர்ந்து அவற்றை மாய்க்கின்றது. வளர்க்க இயலாதவர் ஒருவர் இரக்கத்தினால் அவிழ்த்துவிட்ட பாம்பு, தான் ஒருபோதும் காணாத பாம்புகளுக்கு இயமனாகின்றது.

எம் இல்லத்தில் இப்பொழுது ஒழுங்கு வேறு. காலையில் முதலில் நீண்டகாலமாக உள்ள நலமான பாம்புகளைக் கவனிப்போம், பின்னர் நோயுற்றவை, ஈற்றிலேயே புறம்பான அறை. அவ்வறைக்குச் சென்ற பின் அன்றைக்கு மறுபடி முதலறைக்குச் செல்வதில்லை. அங்குள்ள இடுக்கி, கிண்ணம், துணி யாவும் அங்கேயே இருக்கும். பாம்பின் மலத்திலுள்ள சல்மொனெல்லா மனிதரையும் பற்றுமாதலின், ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் பிள்ளைகளுக்கும் விதிக்கப்பட்டுள்ளது. 2013 ஆம் ஆண்டின் பின் ஆறு பாம்புகள் புதிதாக வந்தன. ஆறும் தொண்ணூறு நாளைக் கழித்தன. அவற்றுளொன்று எழுபதாம் நாளிலேயே உணவைக் கக்கத் தொடங்கியது. சோதனையிற் கிரிப்ரோசுபோரிடியம் உறுதியாயிற்று. அது மற்றைய அறையைக் காணவேயில்லை.

நீர்க் கிண்ணங்களை மாத்திரம் முற்றாக மாற்றிவிட்டோம். முன்பிருந்தவை கற்பாறை போன்ற சாம்பல்நிறத்தன, பார்வைக்கு அழகானவை. இப்பொழுது யாவும் வெள்ளைப் பீங்கான். நாள்தோறும் நீரைக் கொட்டுமுன், அவற்றின் அடியை ஒருமுறை உற்றுநோக்குகின்றோம்.