பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் பங்கும்

கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வது தாய்த் திருச்சபை விரும்பும் காரியமன்று. ஆயினும் அத்தகைய குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லை என்று மறைப்பதால் யாருக்கும் பயனில்லை. திருவண்ணாமலை, செங்கம், போளூர் வட்டாரங்களிலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குச் செல்வோர் பலர். அங்கே இல்லறம் முறிந்து, பிள்ளைகளோடு பிறந்த வீடு திரும்பும் பெண்ணின் முன் நிற்கும் முதற்கேள்வி இதுவே: பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் யார் பொறுப்பு?

திருச்சபையின் விடை தெளிவானது. தம்பதியர் பிரிந்து வாழ நேரின், பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1154-ஆம் விதி பணிக்கிறது. திருமணம் செல்லாதென்று மறைமாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் இக்கடமை நீங்குவதில்லை.

நாட்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த ஜீவனாம்ச உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் உள்ளது. இது எம்மதத்தாருக்கும் பொது. இதற்காக விவாகரத்துக் கோர வேண்டியதில்லை என்பதைக் கத்தோலிக்கத் தாய்மார் அறிந்திருத்தல் நலம். கணவர் வெளியூரில் இருப்பினும், மனைவி தாம் வாழும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். 1955 முதல் மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பை 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

எவ்வளவு கேட்பது? நாக்பூரில் தொடங்கிய ஒரு வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இரு தரப்பாரும் தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி அனைத்தும் கணக்கில் சேரும். மனுச் செய்த நாளிலிருந்தே தொகை வழங்கப்பட வேண்டும். உடல் வலிமையுள்ள கணவர், வேலையில்லை என்று கூறித் தப்ப இயலாதெனவும் அந்நீதிமன்றம் 2022-இல் உரைத்தது.

நீதிமன்றம் செல்லுமுன் இருவரும் பெரியோர் முன்னிலையில் கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, பிள்ளையின் மாதச் செலவு 9,000 ரூபாய். தந்தையின் வருமானம் 24,000. தாயின் வருமானம் 12,000 என்று கொள்வோம். வருமான விகிதப்படி தந்தைக்கு 6,000, தாய்க்கு 3,000 என்றாகும். இது சட்டம் வகுத்த சூத்திரமன்று. பேச்சைத் தொடங்க உதவும் நேர்மையான வழி. பள்ளிக் கட்டணம் உயரும் ஜூன் மாதந்தோறும் இதைத் திருத்திக்கொள்ளலாம். கையில் கொடுப்பதைவிட வங்கி வழியே செலுத்துவது இருவருக்கும் பாதுகாப்பு.

ஆணையிட்ட பின்னும் தக்க காரணமின்றிச் செலுத்தாதவருக்கு, ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். ஆனால் பாக்கியை வசூலிக்க, அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், தாமதம் இழப்பாகும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று எவரும் கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "பணம் தராவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்று தாயும், "பிள்ளையைக் காட்டாவிட்டால் பணம் தரமாட்டேன்" என்று தந்தையும் பிடிவாதம் பிடித்தால், இருவர் வழக்கிலும் தோற்பது பிள்ளையே. இத்தொகை மனைவிக்கு இடும் பிச்சையன்று; கணவனுக்கு விதிக்கும் அபராதமுமன்று. இறைவன் இருவரிடமும் ஒப்படைத்த பிள்ளைக்குரிய பங்கு அது. அதை மாதந்தோறும் குறித்த நாளில் செலுத்துவதும், பெற்றதைப் பிள்ளைக்கே செலவிடுவதும் நீதியின் கடமைகள் என்பதை நம் குடும்பங்கள் உணர்வனவாக!