நிக்கி லாடா: ஆபத்தை எண்ணிப் பார்த்த ஓட்டுநர்

ஃபார்முலா ஒன் எனப்படும் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத்தின் உலகப் பட்டத்தை 1975, 1977, 1984 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஆஸ்திரியரான நிக்கி லாடா, கணக்கை நம்பிக் காரோட்டியவர். 1949-இல் வியன்னாவின் செல்வந்தத் தொழிலதிபர் குடும்பமொன்றில் பிறந்த அவர், பந்தயத்தில் இறங்குவதைக் குடும்பத்தார் எதிர்த்தமையால், ஆயுள் காப்பீட்டை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெற்று அணியில் இடம்பிடித்தார். 1974-இல் இத்தாலியின் ஃபெராரி அணியில் சேர்ந்தபின், சோதனையோட்டங்களில் காரின் குறைகளைக் கண்டறிந்து பொறியாளர்களைக் கொண்டு சலிக்காமல் திருத்த வைத்து, 1964-க்குப் பின் அவ்வணிக்குக் கிட்டாதிருந்த ஓட்டுநர் பட்டத்தை மறு ஆண்டே பெற்றுத் தந்தார்.

ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டினூடே வளைந்து செல்லும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் பாதுகாப்பு போதாது என்று கூறி, 1976-இல் அங்கு நடக்கவிருந்த போட்டியைப் புறக்கணிக்குமாறு சக ஓட்டுநர்களை அவர் வேண்டியபோதும் வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது. ஆகஸ்ட் 1 அன்று அதே தடத்தில் அவரது கார் மண்மேட்டில் மோதித் தீப்பற்ற, பின்னால் வந்த ஓட்டுநர்களே அவரை வெளியே இழுத்தனர். தலையும் முகமும் வெந்ததோடு, நச்சுப்புகையால் நுரையீரலும் கெட்டு, மரணத் தறுவாயில் உள்ளவர்க்கான சடங்கைப் பாதிரியார் வந்து செய்யும் நிலைக்குப் போனவர், ஆறே வாரங்களில் இத்தாலியின் மோன்சாவில் காரோட்டி நான்காவதாக வந்தார். ஆயினும் ஜப்பானின் ஃபுஜியில் நடந்த அவ்வாண்டின் இறுதிப் போட்டியில், மழை கொட்டிய தடத்தில் ஓட்டுவது தற்கொலைக்கு ஒப்பு என முடிவு செய்து, இரண்டு சுற்றுகளோடு விலகினார். இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாம் என அணியினர் முன்வந்தபோது அதையும் மறுத்துவிட்டார். பட்டம் ஒரே புள்ளியில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போயிற்று. மோன்சாவுக்குத் திரும்பியதையே உலகம் வியக்கிறது. ஃபுஜியில் நிறுத்தியதற்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டியிருந்தது எனலாம்.

மறு ஆண்டே பட்டத்தை மீட்ட அவர், 1979-இல் பந்தயத்தைத் துறந்து விமான நிறுவனம் நடத்தப் போய், 1982-இல் மெக்லாரன் அணியில் சேர்ந்து மீண்டும் பந்தயத்துக்கு வந்தார். 1984-இல் அதே அணியின் அலன் ப்ரோஸ்ட் ஏழு போட்டிகளை வெல்ல, லாடா வென்றவை ஐந்துதான். ஆனால் மழையால் பாதித் தூரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்ட மொனாக்கோ போட்டியில், வென்ற ப்ரோஸ்ட்டுக்கு 9 புள்ளிகளுக்குப் பதிலாக விதிப்படி நாலரைப் புள்ளிகளே கிடைத்தன. போர்ச்சுகலில் நடந்த கடைசிப் போட்டியில் இரண்டாமிடமே போதும் என்ற நிலையில், பதினோராவதாகப் புறப்பட்ட லாடா சரியாக அந்த இடத்தையே பிடித்து, 72-க்கு 71.5 என்ற கணக்கில், அரைப் புள்ளியில் பட்டம் வென்றார். ஃபார்முலா ஒன் வரலாற்றில் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் பட்டம் கைமாறியதில்லை.

1985-இல் ஓய்வு பெற்று, பிற்காலத்தில் மெர்சிடிஸ் அணியின் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, லூயிஸ் ஹாமில்டனை அங்கு வரவழைத்ததில் பெரும்பங்கு வகித்த லாடா, 2019 மே 20 அன்று காலமானார். ஃபெராரி, மெக்லாரன் ஆகிய இரண்டு அணிகளுக்காகவும் ஓட்டுநர் பட்டம் வென்றவர் அவர் ஒருவரே.