சாப்பிட்ட தட்டை யார் எடுக்கணும்?

மூணு வருஷம் சிங்கப்பூர்ல இருந்துட்டு மதுரைக்குத் திரும்பின புதுசு. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு சின்ன ஓட்டல். சாப்பிட்டு முடிச்சதும் கை தன்னால இலையை எடுத்துருச்சு. பரிமாறின அண்ணன் பதறிட்டார். "தம்பி, வைங்க! முதலாளி பார்த்தா என்னையத்தான் வைவாரு."

சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்கள்ல, அதாவது பொது உணவங்காடிகள்ல, சாப்பிட்ட தட்டை நாமதான் திருப்பி வைக்கணும். 2021 செப்டம்பர் 1-லேர்ந்து அதை மீறினா நடவடிக்கை. முதல் தடவை எச்சரிக்கை. மறுபடி மாட்டினா 300 சிங்கப்பூர் டாலர் அபராதம். மேனேஜரும் எடுக்கணும், கட்டட வேலைக்கு வந்தவரும் எடுக்கணும்.

"இங்கேயும் அப்படி வச்சா என்னப்பா?"ன்னு வீட்ல கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "நம்மூர் டீக்கடையில நமக்குத் தனி கிளாஸ்டா. குடிச்சதை நாமளே கழுவி வைக்கணும். மத்தவங்க அப்படியே வச்சுட்டுப் போவாங்க."

இரட்டைக் குவளை முறை. தீண்டாமையை ஒழிச்ச அரசியல் சட்டம் 1950-லேயே வந்துருச்சு. டீக்கடைக்கு வர ரொம்ப நாளாச்சு.

அங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலை. இங்க சிலர் மேல மட்டும் சுமத்தின அவமானம். அதனாலதான் அந்தச் சட்டத்தை அப்படியே இங்க இறக்குமதி பண்ண முடியாதுன்னு எனக்குத் தோணுது.

இப்போ ஓட்டல்ல, எலும்பு, கறிவேப்பிலை எதுவும் மேசையில சிந்தாம இலைக்குள்ளயே வச்சு மூடிட்டு எழுந்திருக்கேன்.

சரி, உங்க வீட்ல நீங்க சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறாங்க?