டயாப் நாட்டு விளையாட்டு

சர்க்கரை கரைத்த குளிர்பானம் உடலுக்கு நல்லதா, ஓர் ஆப்பிள் நல்லதா? வகுப்பில் இப்படிக் கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் சரியான விடையைச் சொல்லிவிடுவீர்கள். அடுத்த கேள்வி: நேற்று மாலை கடையில் எதை வாங்கினீர்கள்? இப்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும்!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆற்றல் அழிவின்மை விதியைக் கற்பித்து வருகிறேன். ஒரு கலோரிக்கு எத்தனை ஜூல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும், வகுப்பு முடிந்து வந்ததும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் இல்லாமல் எனக்கு முடியாது. சென்ற ஆண்டு என் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "நீரிழிவு இன்னும் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது" என்றார். அறிவில் எனக்குக் குறைவில்லை. அந்த அறிவு கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அறிவதற்கும் செய்வதற்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு விளையாட்டு உதவுமா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாம் பரனோவ்ஸ்கியும் அவருடன் பணியாற்றிய ஆராய்ச்சியாளர்களும் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். அதே நகரின் ஆர்க்கிமேஜ் என்னும் நிறுவனம் அவர்களுக்காக ஒரு வீரசாகச வீடியோ விளையாட்டை உருவாக்கியது. அதன் பெயர் 'எஸ்கேப் ஃப்ரம் டயாப்'. அதாவது, டயாப் நாட்டிலிருந்து தப்புதல்.

எட்டீஸ் மன்னனின் நாடு

கதாநாயகன் டீஜே என்னும் சிறுவன். துடிப்பான விளையாட்டு வீரன். அவன் எதிர்பாராமல் டயாப் என்னும் விசித்திர நாட்டுக்குள் விழுந்துவிடுகிறான். அந்நாட்டை ஆள்பவன் எட்டீஸ் மன்னன். மக்களுக்கு அங்கே கிடைப்பதெல்லாம் சத்தற்ற தின்பண்டங்களே. அவற்றைத் தின்று தின்று அவர்கள் ஓட வலுவின்றிக் கிடக்கிறார்கள். அங்கே டீஜேக்குப் புதிய நண்பர்கள் கிடைக்கிறார்கள். அவர்களை நல்ல உணவாலும் உடற்பயிற்சியாலும் தேற்றி, அவர்களோடு தப்பிச் செல்ல வேண்டும். இதுதான் விளையாட்டு.

நாட்டின் பெயரையும் மன்னனின் பெயரையும் நம் புணர்ச்சி விதிப்படி சேர்த்துப் பாருங்கள். டயாப் + எட்டீஸ் = டயாபெட்டீஸ்! நீரிழிவுக்கான ஆங்கிலப் பெயரே அந்தக் கொடுங்கோல் நாட்டின் முழு முகவரி.

ஒரு டப்பாவும் ஒரு கோபுரமும்

உண்ணும் ஆற்றலும் செலவிடும் ஆற்றலும் சமமாக வேண்டும் என்பது விளையாட்டில் பொதிந்துள்ள பாடங்களில் ஒன்று. இது நம் இயற்பியல் அல்லவா? கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

அமெரிக்கச் சிறுவர்கள் வாங்கும் 355 மில்லி லிட்டர் கோலா டப்பா ஒன்றில் ஏறத்தாழ 39 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு கிராம் சர்க்கரை தரும் ஆற்றல் சுமார் 4 கிலோ கலோரி. ஆகவே டப்பாவில் இருப்பது 156 கிலோ கலோரி. ஒரு கிலோ கலோரி என்பது 4.2 கிலோ ஜூல். ஆக, மொத்தம் ஏறத்தாழ 650 கிலோ ஜூல்.

ஹூஸ்டன் நகரில் 75 மாடிகளும் 305 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டடம் இருக்கிறது. 40 கிலோ கிராம் எடையுள்ள சிறுவன் ஒருவன் அதன் உச்சிவரை படியேறுவதாகக் கொள்வோம். செய்யப்படும் வேலை, நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 40 × 9.8 × 305. ஏறத்தாழ 120 கிலோ ஜூல். நம் தசைகளின் பயனுறுதிறன் கால் பங்கு அளவே. மீதி ஆற்றல் வெப்பமாகிவிடும். எனவே உடல் செலவிட வேண்டியது 480 கிலோ ஜூல். 75 மாடியும் ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது, டப்பாவின் ஆற்றலில் இன்னும் 170 கிலோ ஜூல் மிச்சம்! குடித்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். சும்மா படுத்திருந்தாலும் உடலுக்கு ஆற்றல் வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். ஆகவே இந்தக் கணக்கைக் காட்டி யாரும் சோற்றைக் குறைக்கக் கூடாது. நடுத்தர ஆப்பிள் ஒன்றில் ஏறத்தாழ 80 கிலோ கலோரி உண்டு; ஆனால் அதனுடன் நிறைய நீரும், நார்ப்பொருளும், வைட்டமின்களும் வருகின்றன; வயிறும் நிறைகிறது. டப்பா பானத்தில் சர்க்கரை மட்டுமே துணையின்றி வருகிறது.

காலத்தைச் சுருக்கும் வித்தை

இவ்வளவு தெரிந்தும் நாம் ஏன் தவறு செய்கிறோம்? ஒரு சைக்கிளைக் கற்பனை செய்யுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் சக்கரம் ஒரு நிமிடம் கழித்தே திரும்புகிறது. அதை உங்களால் ஓட்ட முடியுமா? முதல் வளைவிலேயே வாய்க்காலில் விழுவீர்கள். செயலின் விளைவு உடனே திரும்பி வந்து நம்மைத் திருத்துவதைப் பின்னூட்டம் என்கிறோம். அது தாமதமானால் திருத்தமும் தாமதமாகும்.

நம் உடலும் அப்படிப்பட்ட சைக்கிள்தான். நாக்கு உடனே "இனிப்பு!" என்று பாராட்டுகிறது. இரத்தப் பரிசோதனைத் தாள் இருபது ஆண்டுகள் கழித்துப் பதில் எழுதுகிறது. விளையாட்டு செய்யும் வித்தை இந்த இடைவெளியைச் சுருக்குவதே. தவறான உணவின் விளைவு திரையில் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

அத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஆடுபவர் தம் சொந்த வாழ்க்கைக்கு ஓர் இலக்கு வைக்க வேண்டும். பிறகு அது நிறைவேறியதா என்று விளையாட்டு விசாரிக்கும். நிறைவேறாவிட்டால், எது தடுத்தது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று ஆராயச் சொல்லும். உண்மையான ஆட்டம் திரைக்கு வெளியேதான்.

சோதனையில் கண்டது என்ன?

நல்ல எண்ணம் மட்டும் அறிவியல் ஆகாது. சோதித்துப் பார்க்க வேண்டும். 10 முதல் 12 வயதுள்ள 153 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 103 பேர் டயாப் விளையாட்டையும் அதன் தோழனான 'நானோஸ்வார்ம்' விளையாட்டையும் ஆடினார்கள். மற்ற 50 பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவை மட்டும் புகட்டும் சாதாரணக் கணிப்பொறி விளையாட்டுகள் தரப்பட்டன. முடிவு 2011-இல் வெளிவந்தது.

பழம், காய்கறிகளைப் பொறுத்தவரை, ஒரு முறை பரிமாறும் பங்கை 'ஓர் அளவு' எனக் கொள்வோம். டயாப் குழுவினர் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 0.67 அளவு கூடுதலாகப் பழமும் காயும் உண்டார்கள். ஆனால் தண்ணீர் குடிப்பதிலோ, ஓடியாடுவதிலோ, உடற்பருமனிலோ மாற்றம் தென்படவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உண்டதை அளந்தது எப்படி? முந்திய 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டாய் என்று மூன்று நாட்களுக்குக் கேட்டுப் பதிவு செய்தார்கள். ஓடியாடியதை அளந்தது முடுக்கமானி என்னும் கருவி. அதனுள் இருக்கும் சிறு நிறை, உடல் முடுக்கம் பெறும்போது நிலைமத்தால் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறது என்பதிலிருந்து முடுக்கம் தெரியும். ஆக, மாற்றம் தெரிந்தது நினைவை நம்பிய அளவீட்டில். கருவிகளால் அளந்தவற்றில் மாற்றம் தெரியவில்லை. இதனால் முதல் முடிவு பொய் என்றாகிவிடாது. ஆனால் "விளையாட்டு நோயைத் தடுத்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நாம் தலையாட்டக் கூடாது. சிறிய பழக்கம் ஒன்று சிறிதளவு நகர்ந்தது. அறிவை மட்டும் தந்த விளையாட்டில் அந்த அளவு நகரவில்லை. கிடைத்த உண்மை இவ்வளவே, இதுவும் சிறியதன்று.

நீங்களும் ஆடலாம்

இந்த ஆட்டத்துக்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த வாரத்துக்கு ஒரே ஓர் இலக்கை எழுதுங்கள். "நன்றாகச் சாப்பிடுவேன்" என்று எழுதினால் அளக்க முடியாது. "பள்ளி விட்டதும் ஒரு வாழைப்பழம்" என்று எழுதினால் அளக்கலாம். தினமும் வெற்றி, தோல்வி குறியுங்கள். தோற்ற நாளுக்கு எதிரே காரணத்தை எழுதுங்கள்.

என் நோட்டில் உள்ள இலக்கு: தேநீரில் அரைக் கரண்டிச் சர்க்கரை மட்டும். சென்ற வாரம் ஐந்து நாள் வென்றேன். இரண்டு நாள் தோற்றேன். அந்த இரு நாளும் கூட்டம் இருந்தது. முன்கூட்டியே சர்க்கரை போட்ட தேநீரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த வாரம் தேநீர் போடுமுன்பே சொல்லி வைத்திருக்கிறேன். எட்டீஸ் மன்னனின் கோட்டை வாசல் இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது.