ஈரக் கூளமும் கோழியின் பாதமும்

மழைக்காலத்தில் மலையில் நின்று கொழுந்து பறிக்கும் தாய்மாருக்குச் சேற்றுப்புண்ணைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் ஈரத்தில் ஊறும் தோல் மென்மையாகி, வெடித்து, புண்ணாகிவிடும். லயத்துக் கொல்லையில் வளரும் கோழிக்கும் இதே துன்பம் உண்டு. நாமாவது வீடு திரும்பிக் காலைக் கழுவித் துடைத்துக்கொள்கின்றோம். கூட்டில் அடைபட்ட கோழிக்கோ இரவும் பகலும் அந்த ஈரமே தரை, அதுவே படுக்கை.

கூட்டின் தரையில் பரப்பும் உமி, மரச்சீவல் போன்றவற்றைக் கூளம் என்பர். எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சி, தரைக் குளிரைத் தடுப்பது அதன் பணி. கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தில் தெரியும் வெண்ணிறப் பகுதியே அதன் சிறுநீர்க் கழிவு. அதில் யூரிக் அமிலம் உள்ளது. கூளம் நனைந்தால் பற்றீரியாக்கள் பெருகி, அந்த அமிலத்தைச் சிதைத்து அமோனியா வாயுவை உண்டாக்குகின்றன. கூட்டுக்குள் தலையை நீட்டியதும் கண்ணை எரிக்கும் நெடி இதுவே.

ஈரமும் அமோனியாவும் சேர்ந்து தோலை அரிக்கின்றன. முதலில் பாதத்தின் அடிப்புறச் செதில்கள் நிறம் மாறித் தடிக்கும். பின்னர் வெடித்து, கறுத்த பொருக்குடன் புண்ணாகும். இறைச்சிக் கோழி ஐந்தாறு வாரங்களிலேயே வேகமாக எடை கூடுவதால் பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கும். ஆதலால் கணுமூட்டின் பின்புறத்தில் கபில நிறத் தழும்புகளும், நெஞ்சுத் தோலில் கொப்புளங்களும் தோன்றலாம். வெடிப்பினூடாக ஸ்டபிலோகொக்கஸ் போன்ற பற்றீரியாக்கள் புகுந்தால் பாதம் வீங்கிச் சீழ் பிடிக்கும். நொண்டும் கோழி தீனியையும் தண்ணீரையும் தேடிச் செல்லாது, மெலிந்துவிடும். தோட்டச் சம்பளத்துடன் சில கோழிகளையும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிருக்கு அஞ்சிக் கூட்டை நாற்புறமும் படங்கினாலும் உரப்பைகளாலும் மூடிவிடுவது இங்கு இயல்பு. நல்லெண்ணத்துடன் செய்யும் இக்காரியமே கூளத்தை நனைக்கின்றது. கோழிகளின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் எழும் நீராவி வெளியேற வழியின்றி, குளிர்ந்த தகரக் கூரையில் பட்டுத் துளியாகி மீண்டும் கூளத்தில் விழுகின்றது. ஒரு சொட்டு மழையும் புகாத கூட்டில் கூளம் ஈரமாவது இதனால்தான்.

எனவே, கோழியின் மீது குளிர்காற்று நேரே படாதவாறு சுவரின் கீழ்ப்பகுதியை மறைத்து, கூரையை ஒட்டிய மேற்பகுதியைத் திறந்து வைக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலெழுந்து வெளியேறிவிடும். சிறு குஞ்சுகளுக்கு மின்குமிழால் வெப்பம் கொடுக்கலாம். அப்போதும் காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தினால் சிந்துவது குறையும். கூளத்தை இரண்டு முதல் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, நாள்தோறும் கிளறிவிட வேண்டும். கட்டிபட்ட இடத்தை அகற்றி உலர்ந்த கூளத்தை இட வேண்டும்.

கூளத்தின் நிலையை அறிய ஒரு கைப்பிடி போதும். அள்ளி இறுக்கிப் பிடித்து, பின் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே இருந்தால் ஈரம் மிகுதி. மெல்ல உதிர்ந்தால் நல்ல நிலை. தூசாய்ப் பறந்தால் மிகவும் உலர்ந்துவிட்டது. அது கோழியின் சுவாசத்துக்கு ஆகாது. இறைச்சிக் கோழிகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டு இயற்றிய விதியும், கூளத்தின் மேற்பரப்பு உலர்ந்து உதிரியாக இருக்க வேண்டும் என்றே கூறுகின்றது. அமோனியா மில்லியனுக்கு 20 பங்கைத் தாண்டக் கூடாது என்றும், அதைக் கோழியின் தலை மட்டத்தில் அளக்க வேண்டும் என்றும் அவ்விதி வரையறுக்கின்றது. நாம் நின்றபடி முகர்ந்தால் மட்டும் போதாது. குனிந்தும் முகர வேண்டும்.

மாணவியரே, வீட்டில் கோழி இருந்தால் வாரம் ஒருமுறை இரண்டு மூன்றைத் தூக்கிப் பாதத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். தொடக்க நிலைப் புண் உலர்ந்த கூளத்தில் தானாகவே ஆறக்கூடும். வீக்கமோ சீழோ கண்டால், பிரதேசத்தின் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.