எரிமலைகள் தேசியப் பூங்கா, ருவாண்டா

எரிமலைகள் தேசியப் பூங்கா என்பது ருவாண்டா நாட்டின் வடமேற்கு மூலையில், உகாண்டா, கொங்கோ சனநாயகக் குடியரசு ஆகியவற்றின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலை மழைக்காடு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 160 ச.கி.மீ. விருங்கா மலைத்தொடரின் எட்டு எரிமலைகளில் கரிசிம்பி (4,507 மீ), முகாபுரா (4,127 மீ), பிசோக்கே (3,711 மீ), சபினியோ, ககிங்கா ஆகிய ஐந்து இங்குள்ளன. இவை தற்போது அமைதியாக உள்ளன. செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் நியிராகொங்கோ எரிமலை கொங்கோ பகுதியில் உள்ளது. பலர் எண்ணுவது போல் இப்பூங்காவைச் சேர்ந்ததன்று.

வரலாறு

1925 இல், அன்றைய பெல்சிய ஆட்சியில், ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஆல்பர்ட் பூங்காவின் ஒரு பகுதியே இது. 1960களின் இறுதியில், பூச்சிக்கொல்லி தயாரிக்க உதவும் பைரித்திரம் என்னும் சாமந்தி வகைச் செடியைப் பயிரிடுவதற்காக இதன் தாழ்வான காடுகளில் ஏறத்தாழ 100 ச.கி.மீ. அழிக்கப்பட்டது. இன்றும் உழுத வயல் முடியும் இடத்திலேயே காடு தொடங்குகிறது. இடையில் இருப்பது எருமைகள் வயலுக்குள் இறங்காதபடி கட்டப்பட்ட கற்சுவர் மட்டுமே.

அமெரிக்க ஆய்வாளர் டயான் ஃபாசி 1967 இல் கரிசிம்பிக்கும் பிசோக்கேக்கும் இடையே ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவி, இரு மலைகளின் பெயர்களையும் இணைத்துக் கரிசோக்கே எனப் பெயரிட்டார். 1985 டிசம்பரில் அவர் அங்கேயே கொலை செய்யப்பட்டார். வேட்டைக்காரர்களால் 1977 இல் கொல்லப்பட்ட டிஜிட் என்ற கொரில்லாவின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1990களின் போரில் நிலையக் கட்டடங்கள் அழிந்தன. கொரில்லாச் சுற்றுலா 1999 இல் மீண்டும் தொடங்கியது.

மலைக் கொரில்லாக்கள்

விருங்கா பகுதியில் 1981 இல் ஏறத்தாழ 250 ஆகக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள், 2015-16 கணக்கெடுப்பில் 604 ஆக உயர்ந்திருந்தன. 2018 இல் இவ்வுயிரினம் "மிக அருகிய" நிலையிலிருந்து "அருகிய" நிலைக்கு மாற்றப்பட்டது. பெருங்குரங்குகளில் இத்தகைய மீட்சி அரிது.

ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே, ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். பார்வையாளர் பதினைந்து வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் அனுமதிக்கப்படுவதில்லை. மனிதனுக்கு இரண்டு நாளில் நீங்கும் சளி, கொரில்லாவின் உயிரையே பறிக்கக்கூடும் என்பதே காரணம். முகக்கவசமும் இடைவெளியும் இதற்காகவே.

அனுமதிச் சீட்டு 2017 இல் 750 அமெரிக்க டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு முதல் சுற்றுலா வருவாயில் 10 விழுக்காடு அண்டை ஊர்களுக்கு ஒதுக்கப்படுகிறது (முன்பு 5 விழுக்காடு). பயிரிழந்த உழவரின் கண்ணோட்டத்தில் இது போதுமா என்பது வேறு கேள்வி. பெருகும் கொரில்லாக்களுக்கு இடம் போதாமையால் பூங்காவை 23 விழுக்காடு விரிவாக்கும் திட்டம் உள்ளது. அதற்கு எல்லையோரக் குடும்பங்கள் இடம்பெயர வேண்டியுள்ளது.

மலையேற்றம்

முசான்சே (முன்னர் ருகெங்கேரி) நகரை அடுத்த கினிகியில் காலையில் பயணம் தொடங்கும். வழிகாட்டியின்றிக் காட்டுக்குள் செல்ல இயலாது. முதலில் மூங்கில் காடு. பொன்னிறக் குரங்குகள் வாழ்வது இங்கேதான். அதற்கு மேல் பாசி போர்த்திய ஆகேனியா மரங்கள், உச்சியை நெருங்கும்போது ஆளுயரத்தை மிஞ்சும் லொபேலியாச் செடிகள். பிசோக்கே உச்சியிலுள்ள எரிமலைவாய் ஏரியை ஒரே நாளில் கண்டு திரும்பலாம். கரிசிம்பிக்கு இரண்டு நாள் தேவை.

காஞ்சொறி போல் தோலை எரிக்கும் செடிகள் வழியெங்கும் உண்டு. எனவே முழுக்கைச் சட்டை, தடித்த கால்சட்டை, கையுறை ஆகியவை அவசியம். சூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு எனினும், மழையங்கி இல்லாமல் எம்மாதத்திலும் செல்லலாகாது.