காற்றுத் துவக்கும் சன்னத்தின் வேகமும்

வன்னியிலே வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைவிப்பவன் மனிதன். கதிர் பால்பிடிக்குங்கால் கிளியும் மயிலும், கச்சான் முற்றுங்கால் பன்றியும் குரங்கும் தத்தம் பங்கைக் கேட்டு வந்துவிடுகின்றன. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15 ஆந் திகதி காலை 8 மணிக்கு நாடெங்கும் 5 நிமிட நேரம் குரங்கு, மயில் முதலியவற்றை அரசு மக்களைக்கொண்டே எண்ணுவித்தது. இத்தொல்லை வன்னிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அதுவே சான்று. தகரந் தட்டியும் வெடி கொளுத்தியும் சலித்த கமக்காரன், ஒரு காற்றுத் துவக்கு இருந்தால் நன்றன்றோ என எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணத்தோடு பெருமைப் பேச்சொன்றும் உடன் வருகின்றது. வால்வை மாற்றி, விற்சுருளை இறுக்கி, குழலை நீட்டித் திருத்திய துவக்கு. பத்துத் தரம் பம்பு அடித்தாற் பலகையை ஊடறுக்கும் என்பார்கள்.

எந்தப் பலகையை? முதிரைப் பலகை வேறு, மாம்பலகை வேறு. காய்ந்தது வேறு, ஈரமானது வேறு. பலகையைக்கொண்டு துவக்கை அளப்பது, ஆளுக்கொரு கொத்து வைத்து நெல் அளப்பது போன்றதாகும். அளக்கவேண்டியது சன்னத்தின் வேகம். அதனை அளக்கும் வழியை ஆங்கிலக் கணித அறிஞர் பெஞ்சமின் றொபின்ஸ் 1742 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பெருங் கணித மேதையாகிய ஒயிலர் 1745 இல் அந்நூலை ஜேர்மன் மொழியிற் பெயர்த்துத் தம் விளக்கத்தையுஞ் சேர்த்தார் என்றால் அதன் மதிப்பை உணரலாம். றொபின்சின் கருவி ஓர் ஊசலேயாகும். எங்கள் காலத்து ஆய்வுகூடத்தில் ஊசலின் அலைவுகளை எண்ணிக் களைத்தோர் பலர். அதே ஊசல் சன்னத்தின் வேகத்தையுஞ் சொல்லும் என்று அன்று அறிந்திருந்தால் இன்னுஞ் சற்று விருப்போடு எண்ணியிருப்பர்.

வெற்றுப் பால்மாப் பேணி ஒன்றைக் குளத்துக் களிமண்ணால் நிரப்பி, மொத்தத் திணிவு 500 கிராம் ஆகுமாறு செய்க. திறந்த வாய் துவக்கை நோக்கியிருக்குமாறு, முறுகாதபடி முன்னிரண்டும் பின்னிரண்டுமாக நான்கு நூல்களில், 1 மீற்றர் ஆழத்திற் கிடையாகத் தொங்கவிடுக. மரக்கட்டை வேண்டா, முதிரையிலும் பாலையிலும் பட்ட சன்னம் தெறித்துத் திரும்பும், கணக்கும் பிழைக்கும், கண்ணும் போகும். துவக்கின் வாயைப் பேணியிலிருந்து 3 மீற்றர் விலக்கி, இடையில் துளையிட்ட அட்டை ஒன்றை நிறுத்துக. இன்றேல் துவக்கிலிருந்து வரும் காற்றே பேணியைத் தள்ளிவிடும். பின்னால் மண்மேடு இருத்தல் வேண்டும். நிற்போர் யாவரும் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

பத்துச் சன்னங்களை இரசாயனத் தராசில் ஒருங்கே நிறுத்தால் 5 கிராம் எனக் கொள்வோம், ஒன்று 0.5 கிராம். சுட்டபோது பேணி பின்னோக்கி 6.4 சதமமீற்றர் பெயர்ந்ததாயின், அதனை மீற்றரில் எழுதி 3.13 ஆற் பெருக்கப் பேணியின் கதி செக்கனுக்கு 0.2 மீற்றர் எனப் பெறுவோம். பேணியுஞ் சன்னமுஞ் சேர்ந்த திணிவு சன்னத்தின் திணிவைப்போல் 1001 மடங்கு. ஆகவே சன்னத்தின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 200 மீற்றர். பேணி மேலெழுந்த உயரத்தை அளக்கப் புகும் மாணவர் உண்டு. அது 2 மில்லிமீற்றரே. கைநடுக்கத்தில் அது தொலையும். இன்னொரு பொறியும் இங்குண்டு. காக்கப்படுவது உந்தமேயன்றி இயக்கசக்தி அன்று. சன்னம் கொணர்ந்த 10 யூல் சக்தியிற் பேணியின் அசைவாக எஞ்சுவது 0.01 யூல் மாத்திரமே. மற்றவை களிமண்ணைக் கிழிப்பதிலும் வெப்பத்திலுங் கழியும்.

ஊசல் கட்டப் பொறுமையில்லார்க்குக் கைத்தொலைபேசி உதவும். துவக்கின் வாயிலிருந்து 10 மீற்றரில் மணல் நிரப்பிய அட்டைப்பெட்டியை வைத்து, இரண்டிற்குஞ் சமதூரத்தில், சுடும் கோட்டிற்கு விலகி, தொலைபேசியை வைத்து ஒலியைப் பதிவுசெய்க. வெடியொலியும் பட்ட ஒலியும் தொலைபேசியை அடையச் செல்லும் தூரம் ஒன்றேயாதலால், ஒலியின் பயண நேரம் கணக்கிலிருந்து தானே நீங்கிவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட நேரம் 0.05 செக்கன் எனின், சராசரி வேகம் 200 மீற்றர். ஊசல் காட்டும் வேகத்தைவிட இது சற்றுக் குறைந்தே வரும். அக்குறைவு காற்றின் தடையால் நேர்ந்தது.

இனி, பம்பு. நெம்புகோலை விரித்து மூடும் ஒவ்வொரு தரமும் ஏறக்குறைய ஒரே அளவு காற்று அறையினுட் புகுகின்றது. விசையை இழுத்ததும் சுத்தி வால்வைத் தட்டித் திறக்க, அக்காற்று விரிந்து சன்னத்தைத் தள்ளுகின்றது. ஐந்தைப் பத்தாக்கினாற் சக்தி ஏறக்குறைய இருமடங்காகலாம்; ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின் வேகம் 1.4 மடங்கே ஆகும். அதுவுங் கடதாசிக் கணக்கு. அமுக்கம் ஏற ஏற வால்வு திறக்க மறுக்கும். அறையிற் காற்று எஞ்சும். பம்பின் மூலையிற் சிக்கிய காற்று உள்ளே செல்லாது. ஒவ்வொரு பம்பு எண்ணிக்கைக்கும் வேகத்தை அளந்து வரைபு கீறினால், கோடு எவ்விடத்திற் படுத்துவிடுகின்றது என்பது தெரியும். அதற்கப்பால் அடிக்கும் பம்பு தோள்வலிக்கே.

சன்னத்தை மாற்றினாலும் இதே கதை. 0.35 கிராம் நிறையுள்ள மெல்லிய சன்னம் வாயிலே விரைந்து புறப்படும். விரைவிலே அவ்வேகத்தை இழக்கும். ஒலியின் கதியாகிய 350 மீற்றரை அண்மித்தாலோ, இடை சிறுத்துப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த அச்சன்னம் தள்ளாடும். இளவேனில் வாலறிவனைப் பாருங்கள். கடலூரிற் பிறந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் 10 மீற்றர் காற்று றைபிளில் நின்றவர் அவர். அப்போட்டித் துவக்குகளின் வேகம் ஏறக்குறைய 170 மீற்றரே. ஆயினும் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர்! அத்துறையினர் துவக்கைப் பற்றியில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதிச் சன்னத்தையுஞ் சுட்டு, எது ஒரே துளையில் விழுகின்றது என்று தேர்கின்றனர். அவர்கள் நாடுவது வேகத்தின் மிகுதியன்று, ஒருமையே.

அவ்வொருமை இல்லாத துவக்கு என்ன செய்யும்? ஒரு முறை 200, மறுமுறை 180 எனச் சுடுவதாயின், 25 மீற்றரில், காற்றுத் தடையை விட்டுக் கணித்தாலும், இரு சன்னங்களும் ஏறக்குறைய 2 சதமமீற்றர் மேல்கீழாக விழும். உயிர்மீது சுட்டால், அவ்விரண்டு சதமமீற்றரே சாவுக்கும் ஆறாத புண்ணுக்கும் இடைப்பட்ட தூரம். பன்றிக்கு 10 யூல் ஒரு பொருட்டன்று. குரங்கோ புண்ணோடு காட்டுக்குட் போய்ப் பல நாள் கிடந்து சாகும். கூட்டம் மறுநாளும் வரும். பறவைகளிற் பெரும்பாலானவற்றை 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் காக்கின்றது. இத்துவக்கு பயிர்க்காவலுக்கு உரியதன்று என்பதே எமது துணிபு.

துவக்குகளை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஆள்கின்றது. பொலிசாரிடங் கேட்டறியாமல் எவரும் வாங்கவோ திருத்தவோ புகவேண்டா. மாணவர்க்கு ஒன்று: 2009 வரை போர் நடந்த மண் இது. காட்டிலோ வரம்பிலோ கண்ட குழாயையும் இரும்பையும் பரிசோதனைக்கென்று எடுத்துவராதீர்கள், தொடவுஞ் செய்யாதீர்கள்.

பரிசோதனை முடிந்தபின் களிமண்ணைப் பிசைந்து சன்னங்களை எண்ணி எடுத்துவிடுக. அவை ஈயம். அம்மண்ணைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. நீர்ப்பறவைகள் கல்லென்று விழுங்கி நஞ்சேறும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்பே உணவிற் கைவைக்க வேண்டும்.